"இப்போது என்ன தெரிகிறது?" – கண்ணுக்குள் லென்ஸ் வந்த கதை



இன்று நவம்பர் 29. நம் செங்கல்பட்டு தனி மாவட்டமான நாள். 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்து நமக்கென்று ஒரு கலெக்டர் ஆபீஸ் வந்தது. வரலாற்று வகுப்பில் தேதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லி உங்களை நான் படுத்திய பாடு நினைவிருக்கும். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இந்த நவம்பர் 29-க்கு இன்னொரு கதையும் உண்டு. நம் மாவட்டம் பிறப்பதற்குச் சரியாக எழுபது ஆண்டு முன்னால், 1949-ல் இதே தேதியில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தார்.

இதை ஏன் இன்று சொல்கிறேன் என்றால், இந்த வருடம் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொண்டோம். ஒன்று நான். இன்னொன்று என் சித்தி மகன், மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டும் என் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே வகை லென்ஸ்தான். கிட்டே, தூரம் இரண்டும் கண்ணாடி இல்லாமல் தெரியும் என்று சொல்லி வைக்கிறார்களே, அந்த மல்டிஃபோகல் லென்ஸ். எனக்கு நிறைவு. அவனுக்கு மனக்குறை.

"அக்கா, கோவளம் தாண்டினதும் எதிர்ல வர்ற ஒவ்வொரு லைட்டும் சிலந்திவலை மாதிரி விரியுது. பட்டிபுலம் வர்றதுக்குள்ள உயிர் போய் உயிர் வருது" என்றான். நள்ளிரவு விமானத்தில் வருகிறவர்களை மீனம்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் ஓட்டல்களுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அவன் வருமானத்தில் பாதி. செக்கப்புக்குப் போனால் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுகிறான். "உங்க கண்ணுக்கு நூத்துக்கு நூறு" என்று அனுப்பிவிடுகிறார்கள். "நூறு மார்க்குன்னா அப்ப தப்பு என்கிட்டதானா அக்கா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியுமே, புத்தகத்தை எடுத்தேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

கண்புரை சிகிச்சை நமக்குப் புதிதல்ல. சுசுருத சம்ஹிதையிலேயே அதற்கு ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணின் ஓரத்தில் கூர்மையான கருவியால் குத்தி, மங்கிப்போன லென்ஸைப் பார்வை வழியிலிருந்து விலக்கித் தள்ளிவிடுவது. லென்ஸ் வெளியே வராது, கண்ணுக்குள்ளேயே கிடக்கும். அந்த முறை ஊர் ஊராகப் போகும் வைத்தியர்கள் கைக்கு வந்தது. குத்திய கையோடு வைத்தியர் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்பார். நோயாளி சரியாகச் சொல்வார். வீட்டார் காசு கொடுப்பார்கள். கண் வீங்கிச் சீழ் வைக்கும் நேரத்தில் வைத்தியர் அடுத்த ஊரில் இருப்பார்.

இதை நினைவில் வையுங்கள். "என்ன தெரிகிறது?" என்று அவரும் கேட்டார். ஆனால் எப்போது கேட்டார் என்பதுதான் விஷயம். காசு வாங்குவதற்கு முன் ஒரே ஒரு முறை.

அதற்கு நேர்மாறான ஒருவர் நம் தஞ்சாவூரில் இருந்தார். 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர். சரஸ்வதி மகால் நூலகத்தை அவர் வளர்த்த கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது, அவர் நடத்திய தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தைப் பற்றி. அங்கே கண் சிகிச்சையும் நடந்தது. நோயாளிகளின் கண் எப்படி இருந்தது, என்ன செய்தார்கள், பிறகு எப்படி ஆனது என்று குறிப்பெழுதி, கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்றும் அந்த நூலகத்தில் இருக்கின்றன. பிறகு எப்படி ஆனது என்று எழுதி வைப்பதற்கு, பிறகும் போய்ப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? சரபோஜியை நான் மதிப்பதற்கு அது ஒரு காரணம்.

ஐரோப்பாவில் 1747-ல் ஜாக் டேவியல் என்ற பிரெஞ்சு மருத்துவர், புரையை உள்ளே தள்ளாமல் வெளியே எடுத்துவிடும் முறையைத் தொடங்கினார். நம் சென்னையில் 1819-ல் கண் மருத்துவமனை வந்தது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் 1805-ல் தொடங்கியது என்றால், உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று நம் வீட்டு வாசலில் இருக்கிறது என்று அர்த்தம். இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனைதான் அது. செங்கல்பட்டில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி அங்கே போய் வந்த குடும்பங்கள் உங்களில் எத்தனையோ.

1904 முதல் 1914 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். ஊர் வைத்தியர்கள் குத்திக் கெட்டுப்போன கண்களோடு வந்தவர்களை அவர் நிறையப் பார்த்தார். அந்தக் கண்களைச் சேகரித்து, வெட்டிப் பார்த்து, உள்ளே என்ன கெட்டது என்று ஆராய்ந்து 1917-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஊர் வைத்தியர் அடுத்த ஊருக்குப் போன பிறகு நடந்ததை எழுத ஒருவர் வேண்டியிருந்தது.

ஆனால் புரையை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? கண்ணுக்குள் இருந்த லென்ஸ் போய்விட்டதே. அந்த இடத்துக்கு ஈடாகச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். என் பாட்டி திருக்கழுக்குன்றத்துக்காரி. 1970-களில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் சிகிச்சை முகாமில் அவளுக்கு ஆபரேஷன் ஆனது. தலையை அசைக்காமல் நாள் கணக்கில் படுத்திருந்தாள். கட்டு அவிழ்த்துக் கண்ணாடி போட்டதும் எங்களை எல்லாம் பார்த்து அழுதாள். மலைக்கு மதியம் சோறுண்ண வரும் இரண்டு கழுகையும் திரும்பப் பார்த்துவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

அதெல்லாம் நிஜம். இன்னொன்றும் நிஜம். அந்தத் தடித்த கண்ணாடியில் எல்லாம் கால் பங்கு பெரிதாகவும், பக்கத்தில் இருப்பது போலவும் தெரியும். டம்ளர் இருக்கும் இடம் ஒன்று, பாட்டி கை நீட்டும் இடம் ஒன்று. படி இறங்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். நேராகப் பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து வரும் ஆள் திடீரென்று முளைத்தது போல வந்து நிற்பார். ஒரு நாள் கண்ணாடி கிணற்றடியில் விழுந்து உடைந்தது. புதுசு வரும் வரை பாட்டி பழைய குருடிதான். முகாம் கணக்கில் அவள் வெற்றிகரமாகப் பார்வை பெற்றவர்களில் ஒருத்தி. டம்ளரைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது ரிட்லிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. நம் கடைகளில் பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் என்று வாங்குகிறோமே, அந்த இனம். குண்டு பட்டு அது நொறுங்கினால் சில்லுகள் விமானியின் கண்ணுக்குள் பாயும். அந்தச் சில்லுகள் உள்ளே கிடந்தும் கண் பெரிதாக எதிர்ப்புக் காட்டாததை ரிட்லி கவனித்தார். பிறகு ஒரு நாள் அவர் புரை அகற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறு ஒன்று வைக்க மாட்டீர்களா என்ற பொருளில் கேட்டாராம். ஆசிரியராக இருந்தவள் என்பதால் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிரித்து ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை.

முதல் முயற்சி முழு வெற்றியும் இல்லை. லென்ஸின் பவர் கணக்கில் மிகவும் கூடிப்போனது. அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. ஒரு நோயாளியின் கண்ணில் தெரிந்த தவறுதான் அடுத்த லென்ஸைத் திருத்தியது. பெரிய பெரிய கண் மருத்துவர்கள் ரிட்லியைப் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். கடைசியில் அவருக்கே வயதாகிப் புரை வந்தபோது, அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார். 2000-ல் சர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மறைந்தார். இடையில் 1967-ல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் டாக்டரிடம் பார்த்த அதிர்வுக் கருவியை வைத்து யோசித்து, புரையை ஒலி அலையால் கரைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் காலையில் போய் மாலையில் வீடு திரும்புவது அதனால்தான்.

லென்ஸ் இருந்தும் ஏழைக்கு எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை அதிகம். இங்கேதான் மதுரை வருகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய வரலாறு இது! 1992-ல் அவர்களே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தில் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. கண்ணுக்குள் லென்ஸ் நல்லதா, சோடாபுட்டிக் கண்ணாடியே போதுமா என்று மதுரையில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 3,400 நோயாளிகள். பாதிப் பேருக்கு லென்ஸ், பாதிப் பேருக்குப் பழைய முறைப்படி கண்ணாடி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 1998-ல் முடிவுகள் வெளிவந்தன. எழுத்துப் பலகையோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஆழம் தெரிகிறதா, பக்கவாட்டில் தெரிகிறதா, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழகுகிறதா, தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, வெளியே நடமாட முடிகிறதா, நாலு பேரோடு கலந்து பழக முடிகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்றெல்லாம் நோயாளிகளிடமே கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் வாழ்க்கை நன்றாக மாறியிருந்தது. லென்ஸ் வைத்தவர்களுக்குக் கூடுதலாக. அதைப் படித்தபோது என் பாட்டியின் டம்ளர் நினைவுக்கு வந்து சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். கடைசியில் யாரோ அதைக் கேட்டுவிட்டார்கள்.

சரி, தம்பியின் லென்ஸுக்கு வருவோம்.

நம் சொந்த லென்ஸ் இளமையில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானே வடிவம் மாற்றிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டினால் அது விறைத்துப்போகும். அதைத்தான் வெள்ளெழுத்து, சாளேசுரம் என்கிறோம். செயற்கை லென்ஸ் வடிவம் மாறாது. அதனால் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸை, பெரும்பாலும் தூரம் தெரியும்படி வைப்பார்கள். படிக்க ஒரு கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியையும் ஒழிக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் மல்டிஃபோகல். 1986-ல் இங்கிலாந்தில் ஜான் பியர்ஸ் என்பவர் முதலில் வைத்தார். அமெரிக்க அரசு 1997-ல் முதல் மல்டிஃபோகல் லென்ஸுக்கு அனுமதி கொடுத்தது. கிட்டம், இடைத்தூரம், தூரம் என்று மூன்றுக்குமான லென்ஸ் 2010 வாக்கில் ஐரோப்பாவில் வந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு குழாயில் வரும் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்தால் சீக்கிரம் நிறையும். மூன்று குடத்துக்குப் பிரித்துவிட்டால்? மூன்றிலும் தண்ணீர் உண்டு, ஆனால் ஒவ்வொன்றிலும் குறைவு. கொஞ்சம் கீழே சிந்தியும் போகும். இந்த லென்ஸின் மேல் மெல்லிய வட்ட வட்டமான படிகள் இருக்கும். அவை கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடும். எந்த நேரமும் எல்லாப் பிம்பமும் விழித்திரையில் விழும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள மூளை பழக வேண்டும். பழகச் சில மாதம் ஆகலாம்.

வட்டப் படிகள் என்றதும் மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்கு நாம் போன சுற்றுலா உங்களுக்கு நினைவு வரலாம். கலங்கரை விளக்கங்களுக்கு வளையம் வளையமாக லென்ஸ் அமைத்தவர் பிரெஞ்சுக்காரர் பிரெனெல். ஒளி அலையாக வளைந்து பரவுவதைக் கணக்குப் போட்டு விளக்கியவரும் அவரே. தம்பி கண்ணில் இருக்கும் லென்ஸ் அந்த அலைக் கணக்கில் வேலை செய்கிறது. ஒளியைத் திரட்டிக் கடலுக்கு அனுப்பியவரின் கணக்கை வைத்து, ஒளியைப் பங்கு போடவும் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது புரிகிறதா? இருட்டுச் சாலையில் எதிரே வரும் விளக்கின் தூரப் பிம்பம் கூர்மையாக விழும்போதே, கிட்டத்துக்கான பங்கு மங்கலாக அதைச் சுற்றி வளையமாக விழுகிறது. தம்பி பார்த்த சிலந்திவலை அவன் கற்பனை இல்லை. லென்ஸ் கெட்டுப்போனதும் இல்லை. லென்ஸின் இயல்பே அது. எழுத்துப் பலகை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, நல்ல வெளிச்சம். அங்கே நூறு மார்க் வாங்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி கேட்கும் கேள்வித்தாள் வேறு.

2016-ல் உலகம் முழுவதும் நடந்த 20 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் மதிப்பீடு இதைத்தான் சொல்கிறது. தூரப் பார்வையில் இரண்டு வகை லென்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மல்டிஃபோகல் வைத்தவர்களுக்குக் கிட்டப்பார்வை நன்றாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் இருப்பவர்கள் அதிகம். அதே சமயம் விளக்கைச் சுற்றி வளையமும், ஒளி-நிழல் வேறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) பிரித்துக் காண்பதில் குறைவும் அவர்களுக்கே அதிகம். இந்தப் பண்டமாற்று ஒருவருக்குச் சரிப்படுமா என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது.

என் கதையைப் பாருங்கள். எனக்கும் வளையம் தெரிகிறது. கார்த்திகை தீபத்தன்று வாசலில் ஒவ்வொரு அகலைச் சுற்றியும் ஒரு வளையம். கருவறை இருட்டில் சுவாமி முகம் முன்பைவிட மங்கல்தான். ஆனால் நான் வண்டி ஓட்டுவதில்லை. காலையில் பேப்பர், பிறகு புத்தகம், பிறகு உங்கள் வாட்ஸப் செய்திகள். இதெல்லாம் கண்ணாடி தேடாமல் நடக்கிறது. எனக்கு லாபம். தம்பிக்கோ கண்ணாடி மாட்டிக்கொள்வது ஒரு கஷ்டமே இல்லை. பாஸ்போர்ட் பெயரைப் படிக்க மட்டும்தான் அவனுக்குக் கிட்டப்பார்வை. அவன் வேண்டாத பொருளை வாங்கி, வேண்டியதை விலையாகக் கொடுத்திருக்கிறான்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ஆபரேஷனில் குறை இல்லை. லென்ஸ் வகைகளை விலைப்பட்டியலாகக் காட்டினார்கள், வீட்டில் எல்லாரும் "உசத்தியானதே வைங்க" என்றோம். அதில் நானும் உண்டு. விலை கூடினால் தரம் கூடும் என்பது பட்டுப்புடவைக் கடைக் கணக்கு. கண்ணுக்குப் பொருந்தாது. நீ என்ன வேலை பார்க்கிறாய், எந்த நேரத்தில் பார்க்கிறாய் என்று அவனிடம் அங்கே யாரும் கேட்கவில்லை. அக்கா என்று கூடப் போன நானும் கேட்கவில்லை.

அவனுக்கு ஒரு கண்தான் ஆகியிருந்தது. இரண்டாவது கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு அவனோடு வேறொரு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா முழுதும் கேட்டார். கண் வறட்சி, மிச்சம் இருக்கும் பவர், லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்குவது, விழித்திரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வறட்சிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டாவது கண்ணுக்குத் தூரம் தெரியும் ஒற்றைக் குவிய லென்ஸ் போதும் என்று பேசி முடிவு செய்தோம். ஆறு மாதம் ஆகிறது. வளையம் முழுதாகப் போகவில்லை. "முன்ன மாதிரி இல்லக்கா, பாதிதான்" என்கிறான். நள்ளிரவு சவாரியைக் குறைத்துக்கொண்டு விடியற்காலை சவாரி எடுக்கிறான். வருமானம் குறைந்ததுதான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவுக்கும், உங்களில் மூத்த செட்டுக்கும் கண்புரை வயது வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாக வைக்கும் ஒற்றைக் குவிய லென்ஸ் தாழ்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆனால் போவதற்கு முன் இவற்றை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

1. என்ன வேலை, ராத்திரி வண்டி ஓட்டுகிறவரா, மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்கிறவரா?

2. ஒரு நாளில் அதிக நேரம் பார்ப்பது எந்தத் தூரம்? கை நீளமா, கம்ப்யூட்டர் தூரமா, சாலையா?

3. படிக்க மட்டும் கண்ணாடி போடுவது உண்மையிலேயே கஷ்டமா?

4. சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, கண் நீர் அழுத்தம், கண் வறட்சி உண்டா? இவை இருந்தால் மல்டிஃபோகல் பலருக்குப் பொருந்தாது.

5. பிடிக்காமல் போனால் அடுத்து என்ன வழி? இதை முதலிலேயே கேளுங்கள். பிறகு லேசர் செய்யச் சொன்னால், லென்ஸை மாற்றும் எண்ணம் இருக்கிறதா என்று அதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள். லேசர் செய்துவிட்டால் லென்ஸை மாற்றுவது கடினம்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும் அவர்களிடம் கேளுங்கள், "இப்போது என்ன தெரிகிறது?" என்று. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். பதிலை முழுதாகக் கேளுங்கள். நான் பாட்டியிடம் கேட்கவில்லை, அப்போது சின்னப் பெண். தம்பியிடம் கேட்கத் தாமதித்தேன், அதற்குச் சாக்கு இல்லை.

யாருக்காவது லென்ஸ் வைத்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். நல்லதும் எழுதுங்கள், குறையும் எழுதுங்கள். கண்ணாடி போடாமலே எல்லாவற்றையும் படிப்பேன்!

எல்லோருக்கும் என் ஆசிகள்.
உங்கள் டீச்சர்